பழியைத் தன் கண்மேல் போட்டுக்கொண்ட இபு

நான் துப்புரவு வேலை செய்யும் சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தைகளை நிறுப்பார்கள். லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். நிறுக்கும் அறையின் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தராசில் வைக்கும்போது குழந்தையின் உடம்பில் ஒரு துணியும் இருக்கக் கூடாது, நப்பியைக்கூடக் கழற்றிவிட வேண்டும் என்பது அதன் பொருள். ஆங்கிலம் எனக்குச் சரியாக வாசிக்க வராது. படத்தைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்ததும் வாளியையும் மொப்பையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் மதிலோடு நின்றேன். சுப்பர்வைசர் வந்து, சுகமில்லையா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? உடுப்பைக் கழற்றச் சொல்லும் இந்தச் சின்னச் சட்டம் இன்னொரு நாட்டில், ஒரு மலைக்கிராமத்தில் இருந்திருந்தால் என் மகன் இருந்திருப்பான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எனக்கு ஆட்களோடு பேசிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐயாவோடு கடலுக்குப் போனவன். கல்யாண வீடுகளில்கூட ஒரு மூலையில் கதிரை கிடைத்தால் போதும் என்று இருந்துவிடுவேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பெண். நாங்கள் அவரை இபு என்று கூப்பிட்டோம். இந்தோனேசியாவில் தாயையும் மரியாதைக்குரிய எந்தப் பெண்ணையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பிள்ளையின் சாவுக்கான பழியை இபு ஏற்றுக்கொண்டார். அது அவருடைய பழி அல்ல, என்னுடையது. பதினைந்து வருடமாக என் மனைவி அவரைத் திட்டினாள். பதினைந்து வருடமும் நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை முடிந்த பிறகு அவுஸ்திரேலியாவுக்கென்று படகு ஏறினவர்கள் நாங்கள். நான், மனைவி, எட்டு மாத மகன். எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், இந்தோனேசியக் கடற்படை எங்களை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் இறக்கியது. சில மாதம் ஒரு முகாமில் வைத்திருந்துவிட்டு, குடும்பக்காரர்களை ஜாவாவின் மேற்குப் பக்கத்து மலையில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். எங்களுக்கென்று வாடகை அறைகள் கொடுத்தார்கள். அகதிகளின் கோப்புகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு நாள் கூப்பிடுவார்கள், ஏதாவதொரு நாடு எடுக்கும், அதுவரை காத்திருங்கள் என்றார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத என்னைக் முட்டைக்கோவாத் தோட்டங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். விடிந்தால் பனிமூட்டம், மத்தியானம் மழை. மனைவி படகில் கண்டதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வர மறுத்தாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவது என் வேலையாயிற்று.

அப்படிச் சுற்றும்போதுதான் இபு என்னைப் பிடித்தார். பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தெருவை மறித்து நின்று, பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்து, இவனை இன்னும் நிறுக்கவில்லையே என்றார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் இல்லை, சின்னதாக ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது. அந்த நாட்டில் ஒவ்வொரு கிராமத்திலும் மாதத்தில் ஒரு நாள், யாராவது ஒருவருடைய வீட்டு முற்றத்தில், ஊர்ப் பெண்களே சேர்ந்து குழந்தைகளை நிறுப்பார்கள். ஊசி போட மருத்துவிச்சி கீழே நகரத்திலிருந்து வருவார். மற்றதையெல்லாம் சம்பளம் இல்லாத இந்தப் பெண்கள் செய்வார்கள். ஒரு மேசையில் பெயர் பதிவது, அடுத்ததில் நிறுப்பது, அதற்கடுத்ததில் எழுதுவது, பிறகு தாய்மாருக்குப் புத்தி சொல்வது. கடைசியாகப் பயற்றங்கஞ்சி. எங்கள் கிராமத்தில் நிறுக்கும் இடம் இபுவுடையது. கூரை வளையிலிருந்து ஒரு கோல் தராசு தொங்கும். அதன் ஒரு பக்கத்தில் சாரத்தை ஏணைபோலக் கட்டி, குழந்தையை அதில் இருத்துவார்கள். கோலில் குண்டைத் தள்ளித் தள்ளி, அது நேராக நிற்கும்போது இபு எண்ணைச் சத்தமாகச் சொல்வார். அவருடைய கண் அந்த ஊரில் பேர் போனது. அந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பார். இளம் பெண்கள் குனிந்து பார்த்துத் தடுமாறும் கோட்டை அவர் நின்ற இடத்திலிருந்தே வாசிப்பார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை இருந்தது. பச்சை, மஞ்சள், அதற்குக் கீழே சிவப்புக் கோடு. மாதாமாதம் ஒரு புள்ளி வைத்து, முன் மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு கீறுவார்கள். கோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது. என்னைப்போல அதிகம் படிக்காதவனுக்கும் விளங்கும். அந்த அட்டை எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஊரில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே கடதாசி அதுதான்.

அந்த முற்றத்தில் ஆண்பிள்ளை நான் ஒருவன். நாற்பது பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவர்கள் பாஷை கொஞ்சம் கொஞ்சமாக விளங்கத் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. “இந்த அப்பாவையும் சாரத்தில் போட்டுத் தூக்குங்கள். இவரும் மஞ்சளில்தான் நிற்பார்” என்று ஒருத்தி சொல்ல, முற்றமே சிரித்தது. இபு குண்டைத் தள்ளிக்கொண்டே, “சிரிக்கிறவர்கள் அடுத்த மாதம் உங்கள் புருஷன்மாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்றார். “என் வீட்டுக்காரர் சண்டைச் சேவலைத்தான் மடியில் வைப்பார் இபு, பிள்ளையை வைக்கமாட்டார்” என்றாள் அவள். அதற்கும் சிரிப்பு. நான் சிரித்தேனோ தெரியாது. ஆனால் அடுத்த மாதமும் போனேன்.

இபு எங்கள் அறைக்கும் வந்தார். கிழமைக்கு ஒருமுறையாவது வருவார். மனைவியின் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவளுடைய தலையை வாரிவிட்டுக்கொண்டு, தன் பாஷையில் மிளகாய்ச் செடியில் விழுந்த நோயைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ கதைப்பார். மனைவி தமிழில் ஊர்க் கதை சொல்வாள். இரண்டு பேருக்கும் மற்றவர் சொல்வதில் ஒரு சொல்லும் விளங்காது. இருந்தாலும் அவர் போன பிறகு அன்றைக்கு மனைவி எழும்பிச் சமைப்பாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும், வயிற்றோட்டம் வந்தால் உப்பும் சீனியும் எந்த அளவில் கரைத்துக் கொடுப்பது என்றும், கஞ்சியில் முட்டையும் ஒரு கரண்டி எண்ணெயும் சேர்க்கவும் எங்களுக்குக் காட்டித் தந்தவர் அவர். அளவைக் கையால் காட்டுவார். நான் திருப்பிக் காட்ட வேண்டும். பிழையாகக் காட்டினால் என் விரலை மடக்கித் திருத்துவார்.

மகனுக்கு ஒரு வயது ஆன பிறகு அடிக்கடி வயிற்றோட்டம் வந்தது. நிற்கும், திரும்ப வரும். அட்டையில் கோடு ஒரு மாதம் படுத்தது. அடுத்த மாதம் மஞ்சளுக்கு இறங்கியது. இபு என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், அப்போதும் இறங்கினால் கடிதம் தந்து கீழே டாக்டரிடம் அனுப்புவேன், பயப்பட வேண்டாம் என்றார். நான் பயந்தேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை.

எங்களோடு படகில் வந்தவர்களில் மன்னார் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். எல்லோருடைய கடிதங்களையும் வாசித்துச் சொல்பவர். அவர் சொன்னால் எங்களுக்கு அதுதான் சட்டம். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது நல்லதில்லை. வெளிநாட்டுக்காரன் வருத்தக்காரரை எடுக்கமாட்டான். மெடிக்கலிலை ஒராள் விழுந்தா குடும்பம் முழுக்க நிக்க வேண்டியதுதான்.”

“இது ஊர்ப் பெண்டுகள் எழுதுற அட்டைதானே அண்ணை?”

“நீ ஒரு விசரன். மருத்துவிச்சி ஆர்? கவர்மெண்ட். கவர்மெண்டிட்டைப் போனது அலுவலகத்துக்குப் போகாதோ? அட்டையிலை கோடு கீழை போனா பைலிலையும் கீழைதான்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததாக நினைத்ததைச் சொன்னார். நான் அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இபுவிடமே கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டேன். என் வாழ்க்கையில் கூச்சத்தால் நான் இழந்தவை பல. அவற்றில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

கிராமத்துக்குக் கீழே ஆட்கள் கெண்டை மீன் பிடிக்கும் குளம் ஒன்று இருந்தது. குளத்து மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பவர்களைப் பார்த்து முன்பு எனக்குள் சிரித்திருக்கிறேன். அந்தக் குளத்தடிக் கடையில் ஈயக்குண்டு வாங்கினேன். ஈயத்தின் பாரம் என் கைக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து வலைக்குக் கட்டியவன். ஒரு துணிப்பட்டியில் ஆறு குண்டுகளை வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று முட்டாமல் தைத்தேன். நிறுக்கும் நாளில், மனைவி பிள்ளையை உடுத்தித் தந்த பிறகு, வாழைத்தோப்புக்குள் நின்று அதை அவன் இடுப்பில் உள்சட்டைக்குக் கீழே கட்டினேன். முற்றத்தில் இபு மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையை மட்டும் கழற்றச் சொன்னார். உள்சட்டைக்குள் புடைத்திருந்த பட்டியைக் கண்டார். கையை நீட்டினார்.

நான் என் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டுக் காட்டி, பட்டியையும் தொட்டுக் காட்டினேன். எங்கள் ஊர் மாதா கோயிலில் மந்திரித்துக் கட்டியது என்று கையாலும் அரைகுறை வார்த்தைகளாலும் சொன்னேன். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் கையிலோ சட்டையிலோ ஏதாவது காப்பு இருக்கும். இபு உடனே கையை எடுத்துக்கொண்டார். தன் நெஞ்சில் கையை வைத்து, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி எட்டிப் பார்க்க, “தொடாதே, அது அவர்களுடைய பிரார்த்தனை” என்றார். ஐந்து நேரமும் தொழுகிற மனுசி அவர். பிள்ளையை நானே தூக்கி ஏணையில் இருத்தினேன். கோடு பச்சைக்கு ஏறியது.

அன்றைக்கு இபுவுக்குப் பெரிய சந்தோஷம். அட்டையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். “பாருங்கள், அப்பா வந்த பிள்ளை எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள்” என்றார். அடுத்த மாதம் அந்த முற்றத்துக்கு மூன்று தகப்பன்மார் வந்தார்கள். சேவல்காரரும் வந்தார். இபு அவர்களை என் பக்கத்தில் இருத்தி, இவரிடம் கேளுங்கள் என்றார். அவர்களில் ஒருவர் எனக்குச் சிகரெட் தந்தார். நான் குடிப்பதில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பட்டியில் பத்துக் குண்டு இருந்தது.

பிள்ளை தேறிவிடுவான், தேறத் தேறக் குண்டைக் குறைத்துக்கொண்டே வரலாம் என்பதுதான் என் எண்ணம். நம்புங்கள், நான் அவனைக் கவனிக்காமல் விடவில்லை. உப்புச் சீனித் தண்ணீர் கொடுத்தேன். முட்டை கொடுத்தேன். நன்றாக இருக்கும் நாட்களில் என் மீசையைப் பிடித்து இழுப்பான். அந்த நாட்களைத்தான் நான் எண்ணினேன். இபு அறைக்கு வரும் நேரங்களில் மட்டும் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். மூன்றாவது மாதம் பதினாறு குண்டு தேவைப்பட்டது. பதினாறு குண்டைத் தைத்த கைக்கு, பிள்ளை எவ்வளவு குறைந்துவிட்டான் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் இருந்தது.

அன்று காலை அவனுக்குக் காய்ச்சல். மனைவிக்கும் காய்ச்சல், அவளால் எழும்ப ஏலவில்லை. போகாவிட்டால் இபு பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்துவிடுவார் என்ற பயத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏணையில் இருத்தியபோது அவன் அழவில்லை. மற்ற நாட்களில் உதைத்துக் கத்துவான். இபு குண்டைத் தள்ளி, எண்ணைச் சொல்லி, அட்டையில் பச்சையில் புள்ளியும் வைத்துவிட்டார். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கிள்ளியபடியே நின்றது. பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, வான் வண்டி எங்கே என்று கத்தினார்.

அன்றைக்கு மருத்துவிச்சி இன்னும் வந்து சேரவில்லை. கோவா ஏற்றும் சின்ன வானில் ஏறினோம். இபு பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. மூச்சு வாங்க லேசாக இருக்கட்டும் என்று உடுப்பைத் தளர்த்தினார். பட்டியில் கை வைத்தபோது என் பக்கம் பார்த்து, கழற்றலாமா என்று கண்ணால் கேட்டார். அந்த நேரத்திலும் எங்கள் மாதாவுக்கு அவர் மரியாதை தந்தார். நான் தலையாட்டினேன். முடிச்சை அவிழ்த்து எடுத்தார். பட்டி அவர் கையில் தொங்கியது. ஒரு குண்டைத் துணியோடு சேர்த்து விரலால் உருட்டிப் பார்த்தார். அடுத்ததையும் உருட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் என்று ஒன்றும் அந்த முகத்தில் இருக்கவில்லை. ஒரு கணக்கு அவருக்கு அப்போதுதான் சரிவந்தது. பட்டியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்தார். பிறகு பிள்ளையின் முகத்துக்குக் கிட்டத் தன் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஓதத் தொடங்கினார். நகரத்துக்குள் வான் நுழையும் முன்னரே ஓதுவதை நிறுத்தினார். நிறுத்தியதைக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது.

சுகாதார நிலையத்தில் மருத்துவிச்சி பிள்ளையின் உடுப்பை விலக்கிப் பார்த்தார். விலா எலும்புகளைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். இன்றைக்குக்கூடப் பச்சை என்று எழுதியிருக்கிறதே, இது எப்படி என்று இபுவைக் கேட்டார். அறையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் சுவரோடு நின்றேன். சொல்ல வேண்டியவன் நான்.

“என் கண்தான்” என்றார் இபு. “மூன்று மாதமாகப் பிழையாக வாசித்திருக்கிறேன். வயதாகிவிட்டது.”

அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் பொலிஸ் வந்திருக்கும். பிள்ளைக்குத் தீங்கு செய்தவன் என்று என்னைக் கொண்டுபோயிருப்பார்கள். மனைவி அந்த மலையில் தனியாக, புருஷனும் பிள்ளையும் இல்லாமல் நின்றிருப்பாள். வானில் வந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இபு இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும்.

கீழே நகரத்தில் கிறிஸ்தவர்களின் இடுகாட்டில் மகனை வைத்தோம். அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி துக்கம் விசாரிக்க வந்தார். அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ துணிவு வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் அட்டையைப் பற்றிக் கேட்டேன். எந்த அட்டை என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அடுத்த மாதத்திலிருந்து தராசு வேறொரு பெண்ணிடம் போயிற்று. இபுவைக் கஞ்சிப் பானையடியில் விட்டார்கள். அவருடைய மகன் பட்டணத்திலிருந்து ஒரு கண்ணாடி வாங்கிவந்து கொடுத்தான். தேவையில்லாத அந்தக் கண்ணாடியை அவர் போட்டுக்கொண்டார். அதைப் போட்டால் அவருக்குப் படி தெரியாது. காலால் தடவித் தடவி இறங்குவார். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஊசியில் நூல் கோத்ததைக் கண்டேன். என்னைக் கண்டதும் கீழே இறக்கிக்கொண்டார். முன்பு அவரைத் தேடிவந்த தாய்மார் தங்கள் பிள்ளையின் நிறையை இன்னொரு முறை பார்க்கச் சொல்லிப் புதிய பெண்ணிடம் கேட்டார்கள். இபு அகப்பையால் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தருவார். அதை நான் குடித்தேன்.

மனைவி அவரை அறைக்குள் விடவில்லை. கதவைச் சாத்தினாள். “குருட்டுக் கிழவி” என்று தமிழில் சொன்னாள். இபுவுக்குச் சொல் விளங்காவிட்டாலும் குரல் விளங்கியிருக்கும். வாசலில் மிளகாயையும் முட்டையையும் வைத்துவிட்டுப் போனார்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தோம். பிறகு மனைவியின் தமையன் பாடுபட்டு எங்களை லண்டனுக்கு எடுத்தார். புறப்படும் நாளில் நான் இபுவின் தோட்டத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க அவர்கள் பாஷையில் நான்கு வார்த்தை பாடமாக்கி வைத்திருந்தேன். போய் நின்றதும் நான்கும் மறந்துவிட்டன. இபு மண் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். “அடுத்த பிள்ளையை உள்ளபடி கொண்டுபோ” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பிள்ளை மகள். இங்கே பிறந்தவள். அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவளை நிறுக்கக் கொண்டுபோன நாட்களில் உடுப்பைக் கழற்றி வெறும் உடம்போடு தராசில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். நர்ஸ் என்னை விநோதமாகப் பார்ப்பாள். வீட்டில் மகனின் நினைவு நாள் வரும்போதெல்லாம் மனைவி இபுவைத் திட்டுவாள். அவளுக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இபு இருந்தபடியால் நான் தப்பிக்கொண்டேன். கொஞ்ச நாளில் சொல்வேன், மகள் வளரட்டும், மனைவிக்கு பிரஷர் குறையட்டும் என்று வருடங்கள் போயின.

மன்னார் அண்ணை இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய கோப்பு இன்னும் நகரவில்லை. போன மாசிமாதம் ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போனில் ஒரு குரல்பதிவு வந்தது. மனைவி குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கும்படி போட்டேன்.

“தம்பி, எங்கடை இபு மோசம் போயிட்டா. நேற்றுத்தான் அடக்கம். சனமெண்டா அப்பிடிச் சனம். நானும் ஒரு பிடி மண் போட்டனான். மனுசிக்கும் சொல்லு.”

மனைவி கத்தியை நிறுத்தவில்லை. “போனவவைப் பற்றிக் கதைக்கக் கூடாது” என்றாள். “ஆனா அவ ஒழுங்கா நிறுத்திருந்தா என்ரை பிள்ளை இண்டைக்கு ஏ-லெவல் படிக்கும்.”

நான் அடுப்பை நிறுத்தினேன்.

“அவவின்ரை கண் பிழைக்கேல்லை” என்றேன்.

“என்ன?”

“அவ சரியாத்தான் வாசிச்சவ. நான்தான் பிள்ளையின்ரை இடுப்பிலை ஈயம் கட்டினனான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். குளத்தடிக் கடை, வாழைத்தோப்பு, வான் எல்லாம். ஒருநாளும் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. முடிந்த பிறகு கேட்டாள்.

“எத்தினை மாசம்?”

“மூண்டு.”

“மாதாவின்ரை எண்டு சொன்னனீங்களோ?”

“ஓம்.”

அவள் கையைக் கழுவி, குளிர்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பின்னேரம் திரும்பி வந்தாள். எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மகளின் சத்தம் மட்டும்தான். சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்திருப்பாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து எடுத்துச் சாப்பிடுவேன். அவள் மகளின் அறையில் படுத்தாள்.

ஆறு கிழமை கழித்து, தமிழ்ப் பூசைக்கு முதல் நாள், மேசையில் எனக்கு முன்னால் ஒரு தாளை வைத்தாள். மரித்தவர்களுக்காகப் பூசையில் வாசிக்கப் பெயர் எழுதிக் கொடுக்கும் தாள். முதல் கோட்டில் மகனின் பெயரை எழுதியிருந்தாள்.

“கீழை அவவின்ரை பேரை எழுதுங்கோ.”

பேனையை எடுத்தேன். எழுத ஒன்றும் இல்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்காக இவ்வளவும் சுமந்தவரின் பெயரை ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மன்னார் அண்ணைக்கு எடுத்தேன். “இபு எண்டுதானேடா கூப்பிட்டனாங்கள்” என்றார் அவர். ஆனால் அந்த வயதிலும் மழைக்குள் இடுகாட்டுக்கு ஏறிப் போய், தலைமாட்டில் நட்டிருந்த பலகையைப் படமெடுத்து அனுப்பினார். மகள் அதைப் பெரிதாக்கி எழுத்துக்கூட்டி வாசித்தாள். நான் தமிழில் எழுதினேன். மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாதர் மகனின் பெயரை வாசித்தார். அடுத்த பெயரில் கொஞ்சம் தயங்கினார். பிறகு முழுவதையும் வாசித்தார். பூசை முடிந்து கீழே மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது, எங்களுக்குப் பின் வரிசையில் இருந்த அக்கா மனைவியிடம் வந்தார்.

“பிள்ளையின்ரை பேரோடை ஒரு வேத்துப் பேர் வாசிச்சினம். ஆர் தங்கச்சி அது? உங்களுக்குச் சொந்தமோ?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். மனைவி கோப்பையை மேசையில் வைத்தாள்.

“என்ரை பிள்ளையைக் கடைசியா மடியிலை வைச்சிருந்தவ” என்றாள்.

அந்த அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவளும் மகளும் முன்னால் இருந்தார்கள். பக்கத்தில் இடம் இருந்தது. ஆனால் நான் பின்னால் போய் இருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. எங்கள் தரிப்பிடம் வந்தபோது அவள் மகளின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு எழும்பினாள். இறங்குவதற்கு முன் திரும்பி, நானும் எழும்பிவிட்டேனா என்று பார்த்தாள்.